இடிந்து விழ இருந்த சுவர்: அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் புதையலைக் காப்போம்

நஹ்மதுஹூ வநுஸல்லீ அலா ரஸூலிஹில் கரீம். அம்மா பஃது.

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் கண்மணி நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



இன்று வெள்ளிக்கிழமை. உங்களில் பலர் காலையிலேயே ஸூரத்துல் கஹ்ஃப் ஓதியிருப்பீர்கள். அந்த ஸூராவில் மூஸா (அலை) அவர்களும் கிழ்ர் (அலை) அவர்களும் சேர்ந்து போன பயணம் வருகிறது. அந்தப் பயணத்தின் கடைசிச் சம்பவத்தை இன்று கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். வாரா வாரம் ஓதுகிறோம். அதற்கும் நம் தெருவில் இருக்கும் அரசுப் பள்ளிக்கும் என்ன சம்பந்தம் என்று நாம் யோசித்ததில்லை. நானும் யோசித்ததில்லை.

சுவரின் கதை

இருவரும் ஓர் ஊருக்கு வருகிறார்கள். பசி. ஊர்க்காரர்களிடம் உணவு கேட்கிறார்கள். அந்த ஊரார் விருந்தளிக்க மறுத்துவிடுகிறார்கள். அதே ஊரில் ஒரு சுவர் இடிந்து விழும் நிலையில் நிற்கிறது. கிழ்ர் (அலை) அவர்கள் அதை நிமிர்த்திக் கட்டுகிறார்கள். மூஸா (அலை) அவர்களுக்கு ஆச்சரியம். நமக்கு ஒரு வாய் சோறு தராத ஊர், நீங்கள் விரும்பியிருந்தால் இதற்குக் கூலியாவது வாங்கியிருக்கலாமே என்ற கருத்தில் கேட்டுவிடுகிறார்கள்.

பின்னர் கிழ்ர் (அலை) அவர்கள் விளக்கம் சொல்கிறார்கள். அந்தச் சுவர் அந்த ஊரிலிருந்த இரண்டு அனாதைச் சிறுவர்களுடையது. அதன் கீழே அவர்களுக்குரிய புதையல் இருக்கிறது. அவர்களுடைய தந்தை நல்ல மனிதர். அந்தச் சிறுவர்கள் வாலிபத்தை அடைந்து, தங்கள் புதையலைத் தாங்களே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று உம் இறைவன் நாடினான். 82-ஆவது ஆயத்தின் கருத்து இது.

இதில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, புதையல் ஏற்கெனவே இருக்கிறது. கிழ்ர் (அலை) அவர்கள் புதிதாக எதையும் கொண்டுவந்து வைக்கவில்லை. இரண்டாவது, அந்தப் பிள்ளைகளுக்கு அது அங்கே இருப்பதே தெரியாது. மூன்றாவது, பிள்ளைகள் வளரும் வரை சுவர் நிற்க வேண்டும். முன்னதாக விழுந்தால் புதையல் வேறு யாருக்கோ போய்விடும். ஆகவே பெரியவர் ஒருவர் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: அவர்கள் வயதுக்கு வரும் வரை சுவரை விழாமல் நிறுத்துவது.

அந்தப் புதையல் என்ன என்பதில் முஃபஸ்ஸிர்களுக்கிடையே இரண்டு கருத்துகள் உண்டு. பொன்னும் வெள்ளியும் என்று ஒரு கருத்து. கல்வி எழுதப்பட்ட ஏடுகள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழியாக வரும் இன்னொரு கருத்து.

ஒரு ஒப்புக்கொள்ளல்

சகோதரர்களே! இதை உங்களுக்குச் சொல்வதற்கு முன் என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் நம் மஹல்லாவில் ஒரு பையன் பத்தாம் வகுப்பு பாஸ் செய்தான். நல்ல மார்க். அவன் படித்தது உயர்நிலைப் பள்ளி. பத்தோடு முடிந்துவிடும். பதினொன்றாம் வகுப்புக்கு வேறு ஊருக்குப் போக வேண்டும். தந்தை தோல் ஷெட்டில் டிரம் வேலை பார்த்து இடுப்பு போனவர். அந்த நேரத்தில் ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் ஆள் எடுத்தார்கள். கம்பெனி வேன் தெரு முனைக்கே வரும். பள்ளிக்கூடத்துக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்க மெயின் ரோட்டுக்கு நடக்க வேண்டும். வேன் ஜெயித்தது.

வேலைக்குப் போகும் முதல் நாள் தந்தை அவனை என்னிடம் அழைத்து வந்தார். "ஹஜ்ரத், துஆ செய்யுங்க" என்றார். நான் துஆ செய்தேன். ரிஸ்க் கொடுப்பவன் அல்லாஹ் என்று சொல்லி அனுப்பினேன். என்ன மார்க் என்று கேட்கவில்லை. ஏன் நிறுத்துகிறீர்கள் என்று கேட்கவில்லை. பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தால் அரசே சைக்கிள் கொடுக்கும், பஸ் பாஸ் இலவசம் என்பது எனக்கே தெரியாது. ஏழு வருடம் அரபிக் கல்லூரியில் ஓதியவன் நான். என் தெருப் பிள்ளைக்கு எது உரிமை என்று தெரிந்துகொள்ள ஒரு மணி நேரம் நான் ஒதுக்கியதில்லை.

பின்னொரு நாள் ஒரு நிக்காஹ் வீட்டில் அவனைப் பார்த்தேன். வாலிபனாகிவிட்டான். சலாம் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். "ஹஜ்ரத், நான் யாரையும் குறை சொல்லல. அன்னைக்கு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்பா கேட்டிருப்பார். இப்ப தம்பி எட்டாவது படிக்கிறான். அவனுக்காவது அந்த ஒரு வார்த்தையைச் சொல்லுங்க" என்றான்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உங்களில் ஒவ்வொருவரும் மேய்ப்பர், உங்கள் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி விசாரிக்கப்படுவீர்கள் என்ற கருத்தில் வரும் ஹதீஸை எத்தனை முறை இந்த மிம்பரிலிருந்து உங்களுக்குச் சொல்லியிருப்பேன்! அந்தப் பையனைப் பற்றி என்னிடம் கேட்கப்பட்டால் நான் என்ன சொல்வேன்?

தொழில் குறைவல்ல

இதைத் தவறாகப் புரிந்துகொள்ளாதீர்கள். தோல் தொழிலை நான் குறை சொல்லவில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை எல்லாம் அந்தத் தொழிலில் உண்டு வளர்ந்த ஊர்கள். நம் அன்னை ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் கைவேலை தெரிந்தவர்கள். தோல் பதனிடுவார்கள், தைப்பார்கள், அதில் வரும் பணத்தை ஸதகா செய்வார்கள் என்று ரிவாயத்தில் வருகிறது. உம்முல் முஃமினீன் செய்த வேலையை யார் இழிவாகப் பேச முடியும்?

வேறு வழி இருப்பது தெரியாமலே ஒரு பிள்ளை அங்கே போய் நிற்பதுதான் குறை. கடலுக்கு அப்பால் ஒரு நாடு வரியைக் கூட்டினால் இங்கே ஓவர்டைம் நிற்கிறது. 1996-இல் பாலாறு மாசு வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது தோல் ஷெட்டுகள் எப்படிக் கலங்கின என்று பெரியவர்களுக்கு நினைவிருக்கும். கையில் ஒரே வேலை, அதற்கு மேல் படிப்பில்லை என்றால் அந்தக் கலக்கம் முதலில் வருவது அந்தக் குடும்பத்துக்குத்தான்.

தோல் தொழிலிலேயே கூட மேல்படி உண்டு. சென்னையில் 1948-இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் தோல் தொழில்நுட்பத்தில் பி.டெக் இருக்கிறது. டிரம் பக்கத்தில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது தெரியும்? தோலின் வாசனையை வைத்தே பக்குவம் சொல்லத் தெரிந்த தந்தையின் மகன் அந்தப் படிப்பில் உட்கார்ந்தால் எவ்வளவு பொருத்தம்!

நம் முன்னோர் நிறுத்திய சுவர்

அந்தச் சிறுவர்களின் நல்ல தந்தை, ஏழு தலைமுறைக்கு முந்திய பாட்டனார் என்றும் தஃப்ஸீர்களில் ஒரு கருத்து உண்டு. ஒரு ஸாலிஹான மனிதரின் நன்மை எத்தனையோ தலைமுறை தாண்டிப் பிள்ளைகளைக் காக்கிறது.

நமக்கும் அப்படிப்பட்ட முன்னோர்கள் இருந்தார்கள். வேலூரில் ஷாஹ் அப்துல் வஹ்ஹாப் ஹஜ்ரத் அவர்கள் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தை உருவாக்கினார்கள். வாணியம்பாடியில் 1919-இல் இஸ்லாமியா கல்லூரி வந்தது. உமராபாத்தில் 1924-இல் காக்கா முஹம்மது உமர் அவர்கள் ஜாமிஆ தாருஸ்ஸலாமை நிறுவினார்கள். மேல்விஷாரத்துத் தோல் வியாபாரி அப்துல் ஹக்கீம் சாஹிப் அவர்களின் பெயரில் 1965-இல் கல்லூரி எழுந்தது. தோலில் சம்பாதித்த பணம் தீன் கல்விக்கும் போனது, உலகக் கல்விக்கும் போனது. இரண்டையும் பிரித்துப் பார்க்காத மனிதர்கள் அவர்கள்.

இன்று நம் நிலை என்ன? வசதியுள்ள வீட்டுப் பிள்ளை மெட்ரிக், சி.பி.எஸ்.இ. பள்ளிக்குப் போகிறான். ஷூ கம்பெனியில் வேலை செய்பவர், தள்ளுவண்டிக்காரர், வீட்டில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைக்கும் தாய், இவர்களுடைய பிள்ளைகள் அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள். ஜமாஅத்தில் முடிவெடுப்பவர்களின் பிள்ளைகள் அங்கே இல்லை. ஆகவே அந்தப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர் இருக்கிறாரா, பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை சரியாக இருக்கிறதா என்று ஜமாஅத்துக்குத் தெரிவதில்லை.

2006-இல் வந்த சச்சார் குழு அறிக்கையை மேடைதோறும் பேசுகிறோம். 6 முதல் 14 வயதுள்ள முஸ்லிம் பிள்ளைகளில் நான்கில் ஒருவர் பள்ளிக்கே போகாதவர் அல்லது இடையில் நின்றவர் என்று அது சொன்னது. இன்னொன்றும் சொன்னது: மதரஸாவில் மட்டும் படிக்கும் பிள்ளைகள் நூற்றுக்கு நான்கு பேர் அளவில்தான். அப்படியானால் மீதிப் பிள்ளைகள் எங்கே? பெரும்பகுதி பள்ளிகளில். நம் சமுதாயத்தின் எதிர்காலம் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது.

சுவருக்குக் கீழே என்ன இருக்கிறது?

அந்த நிக்காஹ் வீட்டுக்குப் பிறகு நான் அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியரைப் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னதையும் பிறகு தேடித் தெரிந்துகொண்டதையும் உங்களுக்கு வரிசையாகச் சொல்கிறேன். குறித்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் வகுப்பு. தேசிய வருவாய்வழித் திறன் உதவித்தொகைத் தேர்வு என்று ஒன்று இருக்கிறது. என்.எம்.எம்.எஸ். என்பார்கள். அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி இரண்டிலும் எழுதலாம். பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. மனத்திறனில் 90 கேள்வி, பாடத்தில் 90 கேள்வி. தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருடத்துக்கு 12,000 ரூபாய் பிள்ளையின் வங்கிக் கணக்குக்கு வரும். ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். அதை மறந்து பணத்தை இழப்பவர்கள் உண்டு.

பத்தாம் வகுப்பு முடிந்ததும் பாடப்பிரிவு தேர்ந்தெடுக்கும் நேரம். பையனின் நண்பன் எந்தக் குரூப்போ அதுவே இவனுக்கும் என்று விட்டுவிடாதீர்கள். கணிதம் இல்லாமல் பொறியியலுக்குப் போவது கடினம். உயிரியல் இல்லாமல் மருத்துவம் இல்லை. அந்த ஒரு நாள் முடிவு பத்து வருடத்தைத் தீர்மானிக்கிறது. படிப்பு ஏறவில்லையா, ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் இருக்கிறது. பத்தோடு நிற்பது மட்டும் வேண்டாம்.

பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு. 2020-இல் தமிழ்நாடு அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து நீட் தேர்வில் தேறிய பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடம். அதற்கு முந்தைய வருடம் அரசுப் பள்ளியிலிருந்து அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போனவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். சட்டம் வந்த முதல் வருடமே முந்நூறுக்கும் மேற்பட்டோர் எம்.பி.பி.எஸ். சேர்ந்தார்கள். ஒரே வருடத்தில் பிள்ளைகளின் மூளை மாறிவிட்டதா? இல்லை. சுவர் நிமிர்த்தப்பட்டது, புதையல் வெளியே வந்தது. 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் என்று மற்றத் தொழிற்படிப்புகளுக்கும் இதே 7.5 சதவீதம் வந்தது. இந்த ஒதுக்கீட்டில் சேரும் பிள்ளையின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்த 7.5 சதவீதம் அரசுப் பள்ளிக்கு மட்டும்தான். உதவிபெறும் பள்ளிக்கு இல்லை. நம் முன்னோர் கட்டிய பள்ளிகள் பல உதவிபெறும் பள்ளிகள். அவற்றை விட்டு ஓடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பள்ளிகளுக்கு அவற்றுக்கே உரிய பலம் உண்டு. விதி இன்னது என்று தெரிந்து முடிவெடுங்கள் என்கிறேன். இன்னொன்று: அரசுப் பள்ளியில் நன்றாகப் படிக்கும் பிள்ளையை, பக்கத்து வீட்டாரைப் பார்த்து, கடன் வாங்கி ஒன்பதாம் வகுப்பில் சிறிய தனியார் பள்ளிக்கு மாற்றுகிறீர்கள். அந்த ஒரு மாற்றத்தில் இந்த உரிமை முழுவதும் போய்விடுகிறது. சுவரை நாமே இடிக்கிறோம்.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இதைக் கேளுங்கள். முன்பு ஏழைப் பெண்ணின் திருமணத்துக்குப் பணமும் தங்கமும் கொடுத்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திட்டம், 2022-இல் படிப்புக்கான திட்டமாக மாற்றப்பட்டது. புதுமைப் பெண் என்று அதற்குப் பெயர். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண், கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ ஐ.டி.ஐ.யிலோ சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய். உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்த பெண்களுக்கும் 2024 டிசம்பரில் விரிவாக்கப்பட்டது. ஆண் பிள்ளைகளுக்கு 2024 ஆகஸ்ட் முதல் தமிழ்ப் புதல்வன் என்ற பெயரில் அதே தொகை.

இதோடு, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் தொழிற்படிப்பில் கட்டணச் சலுகை இருக்கிறது. எல்லாவற்றுக்கும் தேவை சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். ஆதாரில் ஒரு எழுத்து, டி.சி.யில் வேறு எழுத்து, ரேஷன் கார்டில் மூன்றாவது எழுத்து என்று பிள்ளையின் பெயர் இருந்தால் கவுன்சலிங் சமயத்தில் அலைய வேண்டும். இப்போதே சரிசெய்யுங்கள்.

ஸைதின் கதை

நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களுக்குப் பதினொரு வயது. தந்தை புஆஸ் போரில் இறந்துவிட்டார். அனாதை. போருக்கு வந்து நின்றபோது வயது போதாது என்று திருப்பி அனுப்பப்பட்டார். ஆனால் அந்தப் பையனிடம் வேறொரு திறமை இருந்ததை நபி (ஸல்) அவர்கள் கண்டார்கள். யூதர்களுடைய எழுத்தைக் கற்கும்படி சொன்னார்கள். அரை மாதத்தில் கற்றுவிட்டேன் என்று அவரே அறிவிக்கிறார். வஹியை எழுதுபவரானார். பின்னாளில் அபூபக்ர் (ரலி) அவர்கள் குர்ஆனை ஒன்றுதிரட்டும் மாபெரும் பொறுப்பை அந்த வாலிபரிடம்தான் ஒப்படைத்தார்கள்.

ஓர் அனாதைப் பையனிடம் நபி (ஸல்) அவர்கள் பார்த்ததை நம் தெருப் பையனிடம் நாம் பார்க்கிறோமா?

பத்ரில் பிடிபட்ட கைதிகளில் எழுதத் தெரிந்து, மீட்புத் தொகை கட்ட வழியில்லாதவர்களை, அன்ஸாரிப் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுத்துவிட்டு விடுதலையாகும்படி செய்தார்கள். கற்றுக்கொடுத்தவர்கள் முஸ்லிம்கள் அல்ல. கற்றுக்கொடுத்ததும் மார்க்கப் பாடம் அல்ல, எழுத்து. ஆகவே அரசுப் பள்ளிப் படிப்பு துன்யா படிப்பு, அதற்கும் மஸ்ஜிதுக்கும் சம்பந்தமில்லை என்று எந்த ஆலிமும் சொல்ல முடியாது.

நம் வீடுகளில் பேசுவது உருது. பள்ளியில் தமிழ். கல்லூரிக்குப் போனால் ஆங்கிலம். மூன்று மொழிக்கு நடுவில் நம் பிள்ளை தடுமாறுகிறான். வகுப்பில் புரியாவிட்டால் எழுந்து கேட்க வெட்கப்படுகிறான். ஆசிரியர் அவனை மந்தம் என்று நினைத்துவிடுகிறார். ஸைத் (ரலி) அவர்கள் வேறொரு சமுதாயத்தின் எழுத்தை அரை மாதத்தில் கற்றார்கள். தமிழ் நாம் பிறந்த மண்ணின் மொழி. வீட்டில் தமிழ்ப் பேப்பர் வாங்குங்கள், பிள்ளையைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது, நாங்கள் செய்ய வேண்டியது

முதலாவது, இன்றே செய்யக்கூடியது. ஜுமுஆ தொழுகைக்கு வந்த பள்ளிப் பையன்கள் எத்தனை பேர் மதியம் வகுப்புக்குத் திரும்பிப் போகிறார்கள்? டீக்கடை முன்னாலும் பிரியாணிக் கடை முன்னாலும் யூனிபார்மில் நிற்பதை நீங்களே பார்க்கிறீர்கள். ஸூரத்துல் ஜுமுஆவில், தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடும்படி அல்லாஹ் சொல்கிறான். மாணவனுக்கு அந்த அருள் இருக்கும் இடம் வகுப்பறை. வாரத்துக்கு அரை நாள் போனால் ஒரு வருடத்தில் எத்தனை பாடம் போகும்? ஜுமுஆவைக் காரணம் காட்டி நம் பிள்ளை பாடத்தை இழந்தால் அந்தக் கெட்ட பெயர் ஜுமுஆவுக்கு வருகிறது. இன்று தொழுகை முடிந்ததும் பக்கத்தில் நிற்கும் யூனிபார்ம் பையனை அவன் உங்கள் மகனாக இல்லாவிட்டாலும் பைக்கில் ஏற்றிப் பள்ளியில் விடுங்கள்.

இரண்டாவது, பள்ளி மேலாண்மைக் குழு. 2009-ஆம் வருட கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். ஆசிரியர் பற்றாக்குறை, கழிப்பறை, குடிநீர், இடைநின்ற பிள்ளை, எல்லாவற்றையும் தீர்மானமாகப் போடலாம். கூட்டம் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை பிற்பகலில்தான் நடக்கிறது. இந்த ஸஃப்பிலிருந்து எழுந்து நேரே அங்கே போகலாம். தேதியைத் தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். தாய்மார்களே, நீங்கள் போங்கள். ஆண்களே சூழ்ந்துகொள்கிறார்கள், எங்களுக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள் என்று நபி (ஸல்) அவர்களிடம் பெண்கள் கேட்டார்கள், அவர்களும் ஒதுக்கினார்கள். கேட்பது உங்கள் உரிமை.

மூன்றாவது, இடம். நம் பிள்ளை பத்துக்குப் பத்து அறையில், டி.வி. சத்தத்துக்கும் தம்பி அழுகைக்கும் நடுவில் படிக்கிறான். மஸ்ஜிதுன் நபவியில் ஸுஃப்பா என்ற திண்ணை இருந்தது. வீடில்லாத ஏழை மாணவர்கள் அங்கே தங்கிப் படித்தார்கள். இருவருக்கான உணவு வைத்திருப்பவர் மூன்றாமவரை அழைத்துப் போகட்டும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னது அந்தத் தோழர்கள் விஷயத்தில்தான். அபூஹுரைரா (ரலி) அவர்கள் அந்தத் திண்ணையிலிருந்து உருவானவர்கள். நம் மக்தப் ஹால் மஃரிபுக்குப் பிறகு பூட்டியே கிடந்தது. இப்போது திறந்து வைக்கிறோம். விளக்கு இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது. கல்லூரி படிக்கும் நம் பிள்ளைகள் இரண்டு பேர் கணக்குச் சொல்லித் தருகிறார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காலையில் பள்ளியில் ஸ்பெஷல் கிளாஸ் இருப்பதால் அவர்களுடைய ஓதும் நேரத்தையும் மாற்றி வைத்திருக்கிறோம். குர்ஆனையும் விட வேண்டியதில்லை, கணக்கையும் விட வேண்டியதில்லை.

நான்காவது, பணம். இதில் மஸ்அலாவைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஜகாத் பணத்தில் வகுப்பறை கட்டுவது, டியூஷன் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பது நம் ஹனஃபி மத்ஹபில் கூடாது. ஜகாத் பெறத் தகுதியான ஏழையின் கையில் அது உரிமையாக்கப்பட வேண்டும். ஆகவே ஏழை மாணவனுக்குப் புத்தகம், பயிற்சிக் கட்டணம், பஸ் செலவு என்று அவன் கையிலோ அவன் தந்தை கையிலோ கொடுங்கள். கட்டடம், விளக்கு, ஆசிரியர் சம்பளம் இவற்றுக்கு ஸதகா, லில்லாஹ் நிதி. தொழிலதிபர்களாக இருக்கும் பெரியோர்களே! அரசுப் பள்ளிகளுக்கு முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் உதவுவதற்காக 2022 டிசம்பரில் "நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி" என்று அரசே ஒரு வழி திறந்திருக்கிறது. உங்கள் கம்பெனிக்கு வரும் வேன் எந்தத் தெருவில் நிற்கிறதோ அந்தத் தெருப் பள்ளியைக் கொஞ்சம் பாருங்கள். பத்து முடித்த பிள்ளை வேலை கேட்டு வந்தால், முதலில் அவன் மார்க் லிஸ்ட்டைக் கேளுங்கள்.

ஐந்தாவது, எல்லோருக்கும். அந்த வகுப்பில் நம் பிள்ளை மட்டும் இல்லை. பக்கத்துக் காலனிப் பிள்ளை, கூலி வேலை செய்பவரின் பிள்ளை, அவர்களும் அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். நம் மாலைப் படிப்புக்கு அவர்களும் வரட்டும். கிழ்ர் (அலை) அவர்கள் சுவர் கட்டியது தமக்குச் சோறு போடாத ஊரில். கூலியும் கேட்கவில்லை. நம் அண்டை வீட்டார் நமக்குச் சோறு போட்டவர்கள்.

தம்பி என்ன ஆனான்?

அந்தத் தம்பியைப் பற்றிக் கேட்பீர்கள். நான் அவன் தந்தையிடம் போனேன். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பெரியவனுக்கும் நீங்க வந்திருக்கலாம் ஹஜ்ரத்" என்றார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

தம்பி என்.எம்.எம்.எஸ். தேர்வு எழுதினான். தேர்வாகவில்லை. ஆனால் அதற்காக மூன்று மாதம் மஸ்ஜிதில் உட்கார்ந்து கணக்குப் போட்டானே, அந்தக் கணக்கு அவனோடு தங்கிவிட்டது. இப்போது பதினொன்றாம் வகுப்பு, கணிதப் பிரிவு. அரசு கொடுத்த சைக்கிளில் போகிறான். அண்ணன் கம்பெனி வேனில் போகிறான். காலையில் இரண்டு பேரும் ஒரே வாசலிலிருந்து புறப்படுகிறார்கள். அதைப் பார்க்கும்போது எனக்குச் சந்தோஷமும் வருகிறது, பயமும் வருகிறது.

சகோதரர்களே! புதையலைத் தோண்டி எடுத்து அவர்கள் கையில் வைக்கும்படி அல்லாஹ் நம்மிடம் கேட்கவில்லை. அவர்களே எடுத்துக்கொள்வார்கள். பதினெட்டு வயது வரை சுவரை நிறுத்துங்கள். அவ்வளவுதான். உங்கள் தெருவில் எட்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளைகள் யார் யார் என்று இந்த வாரம் எழுதிக் கொண்டுவாருங்கள். அடுத்த ஜுமுஆவுக்குப் பிறகு உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகப் பேசுவோம்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தருவாயாக. அவர்களுக்காக நிமிராத எங்கள் கைகளை மன்னிப்பாயாக. அந்த நல்ல தந்தையின் பொருட்டால் அவருடைய பிள்ளைகளின் உரிமையைக் காத்ததைப் போல், எங்கள் முன்னோர் செய்த நன்மைகளின் பொருட்டால் எங்கள் பிள்ளைகளின் உரிமையையும் காப்பாயாக. பள்ளி ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் பரக்கத் செய்வாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.